கேட்டில் ஆள் இல்லாத இருபத்திரண்டு நிமிடம்

பையை மேலே வைக்காதேம்மா. மடியிலேயே வைத்துக்கொள். மேலே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டேவா வர முடியும்? என் மகள் வயதுதான் இருக்கும் உனக்கு, அதனால் நீ என்றே சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நான் பஸ்ஸில் போகிறவள் இல்லை. எங்களிடம் கார் இருக்கிறது. திருச்சியிலிருந்து சென்னைக்கு எத்தனையோ தடவை காரிலேயே போயிருக்கிறோம். எங்கள் வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிக் கொடுப்பேன். இப்போது அந்தக் கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. பின்கதவுக்கும் டிக்கிக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும் பார், அது உடைந்துபோனது. உடைந்துபோனது என்ன, உடைத்தார்கள். ரோட்டு ஓரத்தில் விட்டுவிட்டு வந்த காரை இல்லை. எங்கள் அபார்ட்மெண்டுக்குள், கேட்டுக்குள், நான்கு கேமராவுக்கு நடுவில், செக்யூரிட்டி உட்கார்ந்திருக்கிற பார்க்கிங்கில் நின்ற காரை. பகல் பதினொரு மணிக்கு.

பதினைந்து நாள் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் அந்த ஆள் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது.

திருடன் முகமா? திருடன் முகத்தை யார் பார்த்தார்கள், அவன் ஹெல்மெட் போட்டிருந்தான். நான் சொல்வது செக்யூரிட்டி முகம். சவரிமுத்து என்று பெயர். அறுபது வயது. நான் மரியாதையாகத்தான் பேசுவேன், வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பிளாட்டில் மற்றவர்கள் எல்லாம் வாட்ச்மேன், வாட்ச்மேன் என்பார்கள். நான் ஒருத்திதான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள்.

தண்ணீரா? வேண்டாம்மா, நீ குடி. பஸ்ஸில் ஏறினால் நான் தண்ணீர் தொடுவதில்லை. காலையில் மாத்திரைக்கு ஒரு டம்ளர் குடித்ததோடு சரி. பெண்பிள்ளைகள் பஸ்ஸில் போவதென்றால் இதையெல்லாம் யோசித்துத்தானே கிளம்ப வேண்டியிருக்கிறது.

எங்கள் பொன்னி என்க்ளேவ் இருபத்துநான்கு வீடு. மூன்று மாடி. நான்தான் செக்ரட்டரி, நான்கு வருஷமாக. நான் கேட்டு வாங்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள். கவர்மெண்ட் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். நான் ஒரு டிராஃப்ட் போட்டால் அதிகாரி ஒரு கமா மாற்றமாட்டார். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினேன். ஒவ்வொரு காருக்கும் ஸ்டிக்கர். வருகிற போகிற வண்டிக்கு ரிஜிஸ்டர். கேட் பக்கத்தில் ஒரு போர்டு, பதினோரு விதி, பெயிண்டரை நிற்க வைத்து நானே எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுத வைத்தது. மூன்றாவது விதி, பணி நேரத்தில் காவலர் எக்காரணம் கொண்டும் வாயிலை விட்டு அகலக் கூடாது. எக்காரணம் கொண்டும் என்கிற வார்த்தை நான் சேர்த்தது.

தரைத்தளத்தில் ஒரு அறை வீணாகக் கிடந்தது. பில்டர் கட்டிவிட்டுப் போனது, டிரைவர், வேலைக்காரர்கள் உபயோகத்துக்கென்று. அந்த மாதிரி அறை, புரிகிறதில்லையா. முதல் மாடி ராஜலட்சுமி வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. யாருக்குத்தான் பிடிக்கும்? மீட்டிங் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, உள்ளே பலகை அடித்து அதை ஸ்டோர் ரூமாக்கினேன். பிள்ளையார் சதுர்த்திப் பந்தல் துணி, பொங்கல் பானை, கிறிஸ்துமஸ் ஸ்டார், மிச்சமான டைல்ஸ், எல்லாம் அதற்குள்தான். இதோ இந்தக் கொத்தில் பெரிய சாவி இருக்கிறதே, அதுதான் அதன் சாவி. எங்கே போனாலும் என் பையில்தான் இருக்கும். வேறு யாரிடமும் நான் கொடுப்பதில்லை.

செக்யூரிட்டிக்கு என்று கேட்கிறாயா? நீ கேட்கவில்லை, சரி, ஆனால் நினைத்தாய். மார்க்கெட்டை ஒட்டி அதற்கென்றே கட்டி வைத்திருக்கிறார்கள். எட்டு நிமிஷ நடை. காலையில் ஆறு மணிக்கு டூட்டிக்கு வருகிற ஆள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வரவேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம். நடுவில் என்ன?

சர்க்கரையாம் அவருக்கு. யாருக்கம்மா சர்க்கரை இல்லை? எனக்கும்தான் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. நான் என்ன மணிக்கொரு தடவை எழுந்து ஓடுகிறேனா?

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் இளவேனில், தாவரவியல் முடித்திருக்கிறாள். வெளியூர்க் காலேஜில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும், அத்தனை ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கொண்டுபோய்க் காட்டவேண்டும். காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம். கோயம்புத்தூரில் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வியாழக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினாள். ஊருக்குள் என்றால் நானே ஓட்டுவேன், காரை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனேன். ஒரு பெரிய நீலப் பெட்டி. அதற்குள் லேப்டாப், நல்ல புடவை இரண்டு, சர்டிபிகேட் ஃபைல். பெட்டியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு வந்து பார்க்கிங்கில் நிறுத்தினேன். மணி பத்தரை.

வண்டி நிற்பதற்குள் இவள் கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறாள். "அம்மா, அவசரம், நீ பெட்டிய எடுத்துக்கிட்டு வா" என்று மூன்று மாடியும் இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டு போய்விட்டாள். ஐந்து மணி நேரம் ரயிலில் அடக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், பாவம். அந்த ரயிலில் அந்த இடத்துக்குள் கால் வைக்க முடியுமா?

அன்றைக்கென்று பார்த்து லிஃப்ட் ரிப்பேர். அவ்வளவு பெரிய பெட்டியை நான் எப்படித் தூக்குவேன். கேட்டில் போய்ச் சொன்னேன்.

"சவரிமுத்து, இந்தப் பெட்டியக் கொஞ்சம் மேல கொண்டுவந்து வெச்சிடுங்க."

அவர் எழுந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், என் போர்டைப் பார்த்தார்.

"கேட்ட விட்டு வரக்கூடாதுங்களேம்மா. போன மாசம் மாடி வீட்டு சாருக்கு சிலிண்டர் தூக்கிக் குடுத்ததுக்கு எனக்கு மெமோ குடுத்தீங்க."

"அது சிலிண்டர். இது எங்க வீட்டுப் பெட்டி."

"ரூலு ஒண்ணுதானுங்களே."

பார்த்தாயா வாயை. நான் எழுதின ரூலை எனக்கே படித்துக் காட்டுகிறார். அதோடு நிறுத்தினாரா? குரலைத் தணித்துக்கொண்டு கிட்டே வந்து சொல்கிறார். "ஒண்ணு செய்யலாங்கம்மா. நீங்க இப்படி இந்தச் சேர்ல ஒரு இருபது நிமிஷம் உக்காந்தீங்கன்னா, பெட்டியையும் மேல வெச்சிடறேன், அப்படியே பாத்ரூமும் போயிட்டு வந்திடறேன். காலைல வந்ததுலேர்ந்து போகலீங்க."

நீயே சொல்லு. செக்ரட்டரி போய் செக்யூரிட்டி சேரில் உட்காருவதா? ரோட்டில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "உங்க வேலைய நான் பாக்கவா சம்பளம் குடுத்து உங்கள வெச்சிருக்கு?" என்று கேட்டேன். சத்தம் போடவில்லை. நான் எப்போதும் சத்தம் போடுவதில்லை. பெட்டி காரிலேயே இருக்கட்டும், வீட்டுக்காரர் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று காரைப் பூட்டிவிட்டு மேலே போய்விட்டேன். ஏன் போனேன்? நம்பித்தானே போனேன். கேமரா இருக்கிறது, கேட் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்று நம்பித்தானே.

ஆள்தான் இல்லையே.

மகளுக்கு இரண்டு தோசை வார்த்துக் கொடுத்தேன். அவள் ஹாஸ்டல் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினொன்றேகாலுக்குக் கார் துடைக்கிற துணியை எடுக்கலாம் என்று கீழே வருகிறேன். கார் பக்கத்தில் தரையெல்லாம் மின்னுகிறது. யாரோ கல் உப்பைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன், பார்த்துக்கொள். கிட்டே போனால் கண்ணாடித் துண்டு. உள்ளே சீட் காலி.

அந்த நேரம் பார்த்து அந்த ஆள் கேட் வழியாக உள்ளே வருகிறார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாக, ஒரு நிம்மதியோடு. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கண்டக்டர் தம்பி, இந்த பஸ் எங்கே நிற்கும்? இல்லை, டீக்கு இல்லை, சும்மாதான் கேட்டேன். மோட்டலிலா? அதுவரைக்கும் நடுவில் எங்கேயும் இல்லையா? சரி சரி, நீங்கள் போங்கள்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? கேமரா. வீட்டுக்காரரை வரவழைத்து, கம்ப்யூட்டரைப் போட்டு, நானும் அவரும் உட்கார்ந்து பார்த்தோம். பத்து மணி முப்பத்திரண்டுக்கு நான் மாடிப்படி ஏறுகிறேன். அதிலிருந்து இருபது நிமிஷம் இந்த ஆள் எழுந்திருக்கிறார், உட்காருகிறார், எழுந்திருக்கிறார், உட்காருகிறார். நான் எண்ணினேன், எட்டுத் தடவை. கேட் வரை போய்த் திரும்பி வருகிறார். தலையைத் தூக்கி எங்கள் பால்கனியையே பார்க்கிறார். யாரையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிற மாதிரி இல்லையா? நான் அப்போதே வீட்டுக்காரரிடம் சொன்னேன், "கூட்டாளி வரக் காத்துக்கிட்டிருக்காரு பாருங்க" என்று. அவர், "கால மாத்தி மாத்தி நிக்கிறாரு அமிர்தம், பாத்தா தெரியலையா" என்கிறார். அவருக்கு எல்லாரையும் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும்.

பத்து ஐம்பத்திரண்டுக்குக் கேட்டில் சங்கிலியை மாட்டுகிறார். தொப்பியைக் கழற்றிச் சேரின் மேல் வைக்கிறார், ஆள் இருக்கிற மாதிரி. போய்விட்டார். நடையா ஓட்டமா என்று தெரியாத ஒரு போக்கு.

பத்து ஐம்பத்தெட்டுக்கு ஹெல்மெட்காரன் வருகிறான். முதுகில் ஒரு பை, சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பவர்கள் மாட்டிக்கொண்டு வருவார்களே அந்த மாதிரி. சங்கிலியைக் கழற்றுகிறான். அவசரமே இல்லை. ஒவ்வொரு காராகக் குனிந்து பார்க்கிறான், கடையில் காய் பொறுக்குகிற மாதிரி. எங்கள் காரில் பெட்டி இருக்கிறது. துணியைச் சுற்றி ஒரே தட்டு. உள்ளே கையை விட்டுக் கதவைத் திறந்து பெட்டியை எடுத்து, சக்கரத்தை இறக்கி, தன் வீட்டுப் பெட்டி மாதிரி உருட்டிக்கொண்டு போகிறான். போகும்போது சங்கிலியை மறுபடியும் மாட்டிவிட்டுப் போகிறான். திருடனுக்கு இருக்கிற பொறுப்புகூட இந்த ஆளுக்கு இல்லை.

பதினொன்று பதினாலுக்கு இவர் திரும்பி வருகிறார். இருபத்திரண்டு நிமிடம். என் பெட்டியைத் தூக்கக் கேட்டை விட்டு வரமாட்டாராம். தன் வேலைக்கு மட்டும் இருபத்திரண்டு நிமிடம் கேட்டை விட்டுப் போவாராம். இதுதான், இந்த ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. விதி என்றால் இரண்டுக்கும் விதிதானே.

முகத்துக்கு நேராகக் கேட்டேன். "எங்க போனீங்க?"

"மார்க்கெட் பாத்ரூமுக்குங்கம்மா."

"போகக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியுங்கம்மா. அடக்கித்தான் பாத்தேன்."

இதற்கு ஒரு பெண்பிள்ளை என்ன பதில் சொல்லமுடியும். பேச்சை நிறுத்தவேண்டும் என்றுதான் இந்த மாதிரிச் சொல்கிறார்கள்.

போலீசுக்குப் போனோம். எஸ்.ஐ. ஒரு பெண், உன்னைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். நேரில் வந்து பார்த்தாள். திருடனைப் பற்றிக் கேட்பாள் என்று பார்த்தால், "பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒரே ஆளா மேடம்? மாத்திவிட ஆள் கெடையாதா?" என்கிறாள். பார்க்கிங்கைச் சுற்றி வந்தவள் ஸ்டோர் ரூம் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். கதவுக்கு மேலே சின்னதாக வென்டிலேட்டர் இருக்கும், அதைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது.

"இதுக்குள்ள என்ன மேடம்?"

"டைல்ஸ்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுதிக்கொண்டாள். காணாமல் போனது என் பெட்டி, அவள் எழுதிக்கொள்வது என் டைல்ஸை. இப்படி இருந்தால் திருடன் எங்கே அகப்படுவான்?

இளவேனில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. யுனிவர்சிட்டிக்குப் போன் போட்டுப் போட்டுக் கேட்கிறாள், டூப்ளிகேட் எப்போது கிடைக்கும் என்று. போலீஸ் எழுதிக் கொடுக்கணும், தாசில்தார் எழுதிக் கொடுக்கணும், யுனிவர்சிட்டி எழுதிக் கொடுக்கணும், மாதக்கணக்காகும். அவளுக்கு இருந்தது நான்கு நாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெற்றவளுக்கு எப்படி இருக்கும் சொல்லு. அந்த ஆத்திரத்தில்தான் நான் லெட்டர் எழுத உட்கார்ந்தேன்.

செக்யூரிட்டி கம்பெனிக்குத்தான். வேல்முரசு செக்யூரிட்டி என்று பெயர், ஹெட் ஆபீஸ் சென்னையில். இந்த ஆளை உடனே வேலையிலிருந்து எடுக்கவேண்டும், வேறு எந்த இடத்திலும் போடக் கூடாது, அதுதான் லெட்டர். லோக்கல் மேனேஜர் சொன்னார், "வெறும் கம்ப்ளெயிண்ட்டுக்கு எடுக்க மாட்டாங்க மேடம், தூங்கினாரு, குடிச்சாரு, இப்படி ஏதாவது இருக்கணும்" என்று. சரி என்று நானே அந்த ஆளுக்காக ஒரு மன்னிப்புக் கடிதம் டிராஃப்ட் போட்டேன். ‘பணி நேரத்தில் அயர்ந்து உறங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.’ எவ்வளவு கண்ணியமாக எழுதியிருக்கிறேன் பார். கையெழுத்துப் போடச் சொன்னேன்.

உதடு அசைய அசைய மெதுவாகப் படித்தார். படித்துவிட்டுத் தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

"தூங்கலீங்கம்மா."

"தூங்கினா என்ன, வெளிய போனா என்ன, கேட்ல ஆள் இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணில்லீங்க. தூங்கறவன்னு எழுதிட்டா அப்புறம் எந்த கேட்லயும் என்ன உக்கார வெக்க மாட்டாங்க. பாத்ரூம் போனேன்னு எழுதுங்க, இப்பவே போடறேன் கையெழுத்து."

அசோசியேஷன் லெட்டரில் அந்த வார்த்தையை எழுதுவார்களா? முப்பது வருஷ சர்வீசில் ஒரு கடிதத்தில் அந்த வார்த்தையை நான் எழுதியதில்லை. அதைச் சொன்னேன். "அப்ப நான் எங்கதான் போனேன்னு எழுதுவீங்க?" என்று கேட்கிறார். கோபமாகக் கூட இல்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி. அன்றிலிருந்துதான் அவர் இவர் எல்லாம் போய் எனக்கு அவன் ஆகிவிட்டான்.

அவன் கையெழுத்து இல்லாவிட்டால் என்ன? அவன் தூங்கியதை நேரில் பார்த்ததாக நாங்கள் எழுதினால் போதும் என்று மேனேஜரே வழி சொன்னார். வீடு வீடாக ஏறினேன். பதினான்கு கையெழுத்து வாங்கினேன். நேரில் பார்த்தோமா என்று இரண்டு பேர் இழுத்தார்கள். சேர் காலியாக இருந்ததைப் பார்த்தீர்களா இல்லையா, அவ்வளவுதானே என்றேன். ராஜலட்சுமி மட்டும் கடைசி வரை பேனாவைத் தொடவில்லை. அவள் ஜன்னலுக்காக நான் பாடுபட்டதற்கு அவள் காட்டுகிற நன்றி.

கொஞ்சம் தள்ளி உட்காருகிறாயா, காலை நீட்டிக்கொள்கிறேன். ஒன்றும் இல்லை. ரோடு குலுக்குகிறது இல்லையா.

இதற்கு மேல் ஒரு கூத்து நடந்தது கேள். ஞாயிற்றுக்கிழமை காலை கீழேயிருந்து மணி அடிக்கிறான். இளவேனில்தான் இறங்கிப் போனாள். அழுகிற சத்தம் கேட்டு நான் ஓடினேன். அவள் கையில் சர்டிபிகேட் ஃபைல். லேப்டாப்பையும் புடவையையும் எடுத்துக்கொண்டு ஃபைலை வீசிவிட்டுப் போயிருக்கிறான் திருடன். எங்கே? மார்க்கெட் பக்கத்தில், அந்த இடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில். இவன் வழக்கம்போலப் போன இடத்தில் பார்த்திருக்கிறான். ஈரமாகியிருந்ததாம். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் பேப்பரை வைத்து, ராத்திரி வீட்டில் காய வைத்து, காலையில் கொண்டுவந்திருக்கிறான். ஒரு தாள் கிழியவில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் யோசித்துப் பார். ஊரில் அத்தனை பேர் போகிற இடம். இவன் கண்ணில் மட்டும் எப்படிப் பட்டது? நான் கேட்டேன். என் மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"அம்மா, ஒரு நாளைக்கு மூணு தடவை அவர அங்க நடக்க வெச்சது நீதான். அவர் போகலேன்னா எனக்கு இது கெடச்சிருக்காது."

"அவன் போகாம இருந்திருந்தா இது தொலைஞ்சே இருக்காது."

சரிதானே நான் சொன்னது? இதற்கு யாராவது பதில் சொல்லட்டும். அவள் கையை நீட்டினாள். "அந்த ரூம் சாவியக் குடும்மா" என்றாள். இன்னும் வேலையில் சேரவில்லை, முதல் கையெழுத்துப் போடவில்லை, அதற்குள் அம்மாவிடம் சாவி கேட்கிறாள். டைல்ஸை எங்கே வைப்பது என்று கேட்டேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். திங்கட்கிழமை காலேஜில் போய்ச் சேர்ந்தாள், நல்லபடியாக. அதன் பிறகு அப்பாவுக்கு மட்டும்தான் போன் பண்ணுகிறாள். இதுவும் அந்த ஆளால்தான்.

இவ்வளவுக்கும் இன்றைக்குக் காலையில் அவன்தான் கேட்டைத் திறந்துவிட்டான். ரோட்டுக்குப் போய் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தான். நான் எதற்குச் சென்னைக்குப் போகிறேன் என்று அவனுக்குத் தெரியும், பிளாட் முழுக்கத் தெரியும். பையை வாங்கி ஆட்டோவில் வைத்துவிட்டு என்ன சொல்கிறான் தெரியுமா? "தண்ணி பாத்துக் குடிங்கம்மா. வழியில நிறுத்த மாட்டான்."

என்ன திமிர் பார். யாருக்கு யார் சொல்வது.

இங்கே ஏன் பஸ் நிற்கிறது? பெட்ரோல் பங்க்கா? டயரில் காற்று பார்க்கிறார்களா? எவ்வளவு நேரம் நிற்கும், கண்டக்டர் தம்பி? ஐந்து நிமிஷமா?

இங்கே பாரம்மா. இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள். இதோ வந்துவிடுகிறேன். உள்ளே அந்த ஃபைல் இருக்கிறது, பதினான்கு கையெழுத்தும் அதில்தான். கண்ணை எடுக்காதே. ஜன்னல் பக்கம் திரும்பாதே. ஐந்து நிமிஷம் இப்படி உட்கார்ந்து ஒரு பையைப் பார்த்துக்கொள்வது ஒன்றும் பெரிய காரியம் இல்லை பார். போய்விட்டு வந்துவிடுகிறேன்.

கொடு பையை. கொடு.

பூட்டி வைத்திருக்கிறார்களம்மா. பெரிய பூட்டு. சாவி எங்கே என்று கேட்டால் மேனேஜரிடமாம், மேனேஜர் ஊரில் இல்லையாம். கதவு இடுக்கு வழியாகப் பார்க்கிறேன், உள்ளே ஆயில் டின்னை அடுக்கி வைத்திருக்கிறான். அங்கே பெட்ரோல் போடுகிற பெண்ணைக் கேட்டேன், "நீங்கல்லாம் என்னம்மா பண்ணுவீங்க" என்று. சிரிக்கிறாள். சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது. மனிதர்கள் வருகிற இடம் இல்லையா? மனிதனுக்கு உடம்பு என்று ஒன்று இல்லையா? டின் வைக்க வேறு இடமா கிடைக்கவில்லை? கட்டியது எதற்கு, பூட்டி வைத்திருப்பது எதற்கு? ஈவு இரக்கம் இல்லாதவர்கள். இவர்களைச் சும்மா விடக் கூடாது. நான் எழுதிப்போடாமல் விடமாட்டேன்.

உன்னிடம் பேனா இருக்கிறதா? எழுது, எனக்கு இப்போது குனிந்து எழுத முடியாது. அந்த ஃபைலை எடு. லெட்டருக்குக் கீழே ஜெராக்ஸ் ஒன்று இருக்கும், அதன் பின்பக்கம் காலிதான், அதில் எழுது. நான் சொல்கிறேன். ‘ஐயா, இன்று பிற்பகல் பயணி ஒருவர் தவிர்க்க இயலாத காரணத்தால்...’ இல்லை, அப்படி எழுதினால் என்ன காரணம் என்று அவனுக்கு எப்படித் தெரியும். ‘உடல் உபாதை காரணமாக...’ அதுவும் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. நீயே எழுதும்மா. படித்த பெண்தானே நீ. என்ன நடந்ததோ அதை அப்படியே எழுது.

அதற்குள் எழுதிவிட்டாயா? எங்கே, படி.

அந்த வார்த்தையையே எழுதிவிட்டாயே. கழிப்பறை பூட்டியிருந்தது, போக இடமில்லாமல் ஒருவர் அவதிப்பட்டார் என்று. சரி. இருக்கட்டும். உண்மைதானே. உண்மையை எழுத என்ன வெட்கம்.

கொடு பார்க்கலாம். திருப்பு. இந்தப் பக்கம் என்ன இது? இது ஜெராக்ஸ் இல்லையே அம்மா. இது கையெழுத்துப் போட்ட ஒரிஜினல். ராஜலட்சுமி போடாமல் விட்ட கோடு தெரிகிறது பார். அடியில் இருப்பதை எடு என்றுதானே சொன்னேன். இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு வந்தாயே, எது ஒரிஜினல் என்று உனக்குத் தெரியாதா? பேனாவிலேயே எழுதிவிட்டாய், முன்பக்கமெல்லாம் ஊறியிருக்கிறது. உறங்கிவிட்டார் என்கிற வரிக்கு மேலேயே தெரிகிறது நீ எழுதினது. இதை நான் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? மறுபடியும் இருபத்துநான்கு வீடும் ஏறவேண்டுமா? லிஃப்ட் வேறு இன்னும் சரியாகவில்லை.

ஏதாவது பேசேன். திருச்சியிலிருந்து வாயைத் திறக்காமல் வந்து, கடைசியில் செய்த காரியம் இது.

இரு, அதைப் பிறகு பேசிக்கொள்வோம். தம்பி, கண்டக்டர் தம்பி, மோட்டல் இன்னும் எவ்வளவு தூரம்? எத்தனை நிமிஷம் என்று சொல்லுங்கள். இருபதா? இருபது நிமிஷமா?

இருபது நிமிஷம் எப்படியம்மா உட்கார்ந்திருப்பது?